தளரக் கட்டிய வார்

எக்கா, அந்தக் கருவாட்டுக் கூடைய அந்தாக்குல கொஞ்சம் தள்ளி வைங்க, காலு நீட்ட எடமில்ல. ஆங், போதும். மூட்டையா? இல்ல இல்ல, மேல வைக்க வேண்டாம், மடியிலேயே வச்சுக்கிடுதேன். மடிய விட்டு எறக்கக் கூடாதுன்னு உத்தரவு.

இந்தத் தோணி நேரா வளையத்துக்குத்தான போவுது? நடுவுல எங்கயும் நிக்காதா? நின்னா எறங்கிரலாம்னு பாத்தேன். எங்க எறங்க! சுத்தியும் இருட்டு, காத்துகூடக் கெடையாது. சன்னலப் பாக்காதட்டின்னு மனசு சொல்லுது, கண்ணு அங்கனயேதான் போவுது. 

என் கையப் பாருங்க. இது எப்பேர்ப்பட்ட கையி தெரியுமா? செவப்பு நிலாவுல வந்து முப்பிடாதின்னு கேட்டுப் பாருங்க. படைநாச்சியார் உலகம்மைக்குக் கவசம் கட்டுத கட்டுக்காரி நான்தான். தோள்தகடுலருந்து கணுக்கால் தகடு வரைக்கும் ஒவ்வொரு வாரும் இந்தக் கையி இழுத்துக் கட்டினது. அது போக, எங்க தெருவுல எவளுக்கு வலி கண்டாலும் என்னத்தான் கூப்பிடுவாவ. முப்பிடாதி கை வச்சா புள்ள வழுக்கிக்கிட்டு வந்துரும்பாவ. அப்படிப்பட்ட கைய வளையத்துக்காரி மாடத்தி வெட்டப் போறாக்கா. அதுக்குத்தான் ஆளு அனுப்பி என்னக் கூப்பிட்டிருக்கா, சண்டாளி.

போற வழியில வாயத் தொறக்காதன்னு சொல்லித்தான் எங்க நாச்சியாரு அனுப்புனாவ. ஆனா பேசாம இருந்தேன்னா பயத்துலயே செத்துருவேன். நீங்க யாருட்டயும் சொல்ல மாட்டீயளே? பாத்தா நல்ல மூஞ்சியாத்தான் இருக்கு. பேச்சு வேற மாதிரி இருக்கே, வெளிக்கோளத்து ஆளா? கருவாடு விக்க வாறீயளாக்கும். யாரு வீட்டுக்கு? பெரிய வீட்டுக்கா? சரி சரி. வளையத்த ஆளுத பெரிய வீட்டுக்காரவுகளுக்கும் கருவாடு இல்லாம சோறு எறங்காது போல.

அப்ப எங்க வழக்கம் ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எங்க நிலாவுக்கும் வளையத்துக்கும் தண்ணியிலதான் பக. வருசா வருசம் ஒரு பனிமல மெதந்து வரும். அது யாருக்குன்னு முந்தியெல்லாம் தோணி தோணியா ஆளு செத்தாவளாம். பொறவு பெரியவுக கூடி, ஊரு பூரா சாவ வேண்டாம், இங்கருந்து ஒருத்தி, அங்கருந்து ஒருத்தி மோதட்டும், செயிச்சவ ஊருக்குப் பனின்னு வச்சுட்டாவ. அவுகளுக்குப் பேருதான் படைநாச்சி. எங்க பக்கம் உலகம்மை. அந்தப் பக்கம் மாடத்தி. ரெண்டு பேரும் கொமரியா இருந்த காலத்துலருந்து மோதுதாவ. ஒரு வருசம் இவுக செயிப்பாவ, மறு வருசம் அவ. இவுக ஒடம்புல இருக்க தழும்பு பூரா அவ போட்டது. எண்ணெ தேச்சு விடும்போது நான் ஒவ்வொரு தழும்பையும் தொட்டு அவளத் திட்டுவேன். எங்க நாச்சியாரு திட்ட மாட்டாவ. "சுத்தமான வெட்டு முப்பிடாதி, அவ ஒருத்திதான் இப்படி வெட்டுவா"ம்பாவ. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

படைநாச்சின்னா லேசில்ல பாத்துக்கிடுங்க. கல்யாணம் கெடையாது, புள்ள கெடையாது. வாளெடுத்தவ வயித்துல புள்ள தங்குனா அந்த ஊருக்கே பனி கெடையாது. அவளையும் வெளிக்கதவத் தொறந்து தள்ளிருவாவ. காத்தில்லாத வெளியில தள்ளிருவாவக்கா! எங்க நாச்சியாரு அந்த விசயத்துல நெருப்பு. மாடத்திய எனக்குத் தெரியாது, ஆனா அவ மூஞ்சியப் பாத்தா எந்த ஆம்பளையும் கிட்டப் போவ மாட்டான்.

இப்ப என் பயத்துக்கு வாறேன். சண்டைக்கு முன்னால மாத்துக்கட்டுன்னு ஒரு வழக்கம் உண்டு. எங்க நாச்சியாருக்கு மாடத்தியோட கட்டுக்காரி வந்து கவசம் கட்டணும். அவளுக்கு நான் போயிக் கட்டணும். உள்ள விச ஊசி எதுவும் ஒளிச்சு வைக்காம இருக்கதுக்காக. நாங்க ஏதும் சேதி சொல்லிரப்படாதுன்னு எங்க வாயையும் துணி போட்டுக் கட்டிருவாவ. இந்தா, இடுப்புல இருக்கு பாருங்க, இதான் அந்தத் துணி. இதக் கட்டுதது எனக்குச் சாவுதான்க்கா. பேசாம ஒரு நாழி இருந்தா எனக்குக் காது அடைச்சுக்கிடும். அதோட முடிஞ்சா பரவாயில்ல. எதிராளிக்குக் கட்டிவிட்ட வாரு சண்டையில கழண்டு தகடு விழுந்துச்சுன்னு வைங்க, கட்டுனவ கைய வெட்டிருவாவ. மணிக்கட்டோட. அதனால மாத்துக்கட்டு அன்னைக்கு நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்.

போன சண்டைக்கு இன்னொரு எழவும் சேந்துக்கிட்டு. பனிமல வரவரச் சின்னதாவுதுல்லா, அதனால ரெண்டு ஊருப் பெரியவுகளும் கூடி, ரத்தம் பாத்தா முடிவுங்கத மாத்தி, ஒருத்தி செத்தாத்தான் முடிவுன்னுட்டாவ. கோளோட நெழலு களத்து மேல விழுந்துட்டா மட்டும் நிப்பாட்டணும், பனியப் பாதிப் பாதியாப் பிரிக்கணும்னு பழைய சட்டம் ஒண்ணு இருக்கு. ஆனா அதுவரைக்கும் எந்தச் சண்டையும் நீண்டதில்ல. அப்ப ஒருத்தி செத்துருவான்னுதான அர்த்தம்? எனக்குச் சோறு எறங்கல. ஏன்னா எங்க நாச்சியாருக்கு எடது தோளு போச்சுக்கா. அதுக்கு முந்தின சண்டையில மாடத்தி அடிச்ச அடியில உள்ள எலும்பு ஒழுங்காக் கூடல. கைய தோளுக்கு மேல தூக்க முடியாது. அந்தத் தோளுல ஒரு அடி விழுந்தா வாளு கீழ விழுந்துரும், கதை முடிஞ்சிரும். இது எனக்கும் அவுகளுக்கும் மட்டும்தான் தெரியும். எடது தோள் வார மட்டும் ரெண்டு துளை தளர விட்டு, அடியில பஞ்சு வச்சுக் கட்டுவேன். தெனமும் பயிற்சிக்கு அப்படித்தான் கட்டுதது. கண்ண மூடிக்கிட்டுக் கட்டுவேன்.

வெளங்குதா என்ன நடந்திருக்கும்னு? 

வாயக் கட்டி என்ன மாடத்தி அறைக்குள்ள விட்டாவ. உள்ள போனா புளிச்ச வாட. மூலையில வாந்தி எடுத்து வச்சிருக்கா. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துச்சு. பாத்தியா, எங்க நாச்சியார நெனச்சுப் பயத்துல வாந்தி எடுத்துட்டான்னு. ஆனா மூஞ்சியில பயத்தக் காணும். பச்சப்புளியக் கடவாயில அடக்கிக்கிட்டுக் கல்லு மாதிரி நிக்கா. சாவப்போற நேரத்துல புளி கேக்குது பாருங்க நாக்கு! நான் கால்தகடு கட்டினேன், தொடைத்தகடு கட்டினேன். வயித்துக் கச்சைய ஒரு இழு இழுத்தேன் பாருங்க, டபக்குன்னு என் மணிக்கட்டப் பிடிச்சுட்டா. யாத்தே! ஒடச்சிருவான்னு நெனச்சேன். ஒடைக்கல. இறுக்காதன்னு தலைய மட்டும் ஆட்டினா. மூக்கு முட்டத் தின்னுட்டு வந்திருக்கா போலன்னு நெனச்சுக்கிட்டு, தளர விட்டுட்டேன்.

அந்தப் பயத்துல எனக்கு நெதானம் போயிட்டு. தோளுக்கு வந்தேன். வலது தோள இறுக்கிக் கட்டினேன். எடது தோளுக்கு, ஐயோ, இந்தப் பாழாப்போன கையி பழக்கத்துல ரெண்டு துளை தளர விட்டுட்டு. அதோட விட்டுச்சா? இடுப்புலருந்து பஞ்ச எடுத்து அடியில சொருகவும் செஞ்சுட்டு. நானா செஞ்சேன்? கையிதான் செஞ்சுச்சு. அவ குனிஞ்சு வாரப் பாத்தா. பஞ்சப் பாத்தா. பொறவு என் மூஞ்சியப் பாத்தா. என் வாயில துணி. ஒரு வார்த்த சொல்ல முடியல. ஆனா அவளுக்குப் புரிஞ்சுபோச்சுக்கா. எங்க நாச்சியாருக்கு எடது தோளு பழுதுன்னு பளிச்சுன்னு புரிஞ்சுபோச்சு. நான் பதறிப்போயி அவுத்துத் திருப்பிக் கட்டப் போனேன். அதுக்குள்ள கொம்பு ஊதிட்டான் பாழாப்போறவன். கொம்பு ஊதுன பொறவு வாரத் தொடப்படாது.

என்னய வளையத்துக் கொடிக்குக் கீழ கொண்டு நிறுத்துனாவ. எதிர்ப்பக்கம் எங்க கொடிக்குக் கீழ அவ கட்டுக்காரி பேச்சி நிக்கா. எங்க நாச்சியாரு களத்துக்கு வந்தாவ. பாத்தா அவுக வயித்துக் கச்சை தொளதொளன்னு தொங்குது! அந்தப் பேச்சி மூதி ஒழுங்காக் கூடக் கட்டலக்கா. எனக்கு வந்த ஆத்திரத்துல, வாயில துணி மட்டும் இல்லன்னா அங்கனயே அவளக் கிழிச்சிருப்பேன். என்ன கட்டுக்காரி அவ?

சண்டைன்னா அது சண்டையே இல்லக்கா. சுருள்வாளு ரெண்டும் நீலமா எரியுது, கூரைக் கண்ணாடி அதிருது, சத்தத்துக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. ஆனா எங்க நாச்சியாருக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல. மாடத்தி வயிறு நல்லாத் தொறந்து கெடந்துச்சு. இவுக வாளும் அங்கனதான் போச்சு. போன வாளத் திருப்பித் தொடைத்தகட்டுல அடிச்சாவ! எனக்கு வயித்தெரிச்சல். வயசாயிட்டு, கண்ணு தெரியலன்னு நெனச்சேன். அவ என்னடான்னா எங்க நாச்சியாரோட எடது பக்கத்துக்கு வந்து வந்து நிக்கா. ஒவ்வொரு தடவையும் எனக்கு உசுரு போயிப் போயி வருது. இந்தா அடிக்கப் போறா, இந்தா அடிக்கப் போறான்னு. அடிக்காம சுத்தி வலது பக்கமாப் போறா. பூன எலியப் போட்டு உருட்டுமே, அப்படி.

இன்னும் கேளுங்க. நான் தளரக் கட்டுன அவ எடது தோள் தகடு ஆடுது. கழண்டு தொங்குது. அது விழுந்தா என் கையி போச்சு. நான் கண்ண மூடி ஊருல உள்ள சாமியெல்லாம் கூப்பிடுதேன். தொறந்து பாத்தா, அவ எடது கைய வெலாவோட ஒட்டி ஒடுக்கிக்கிட்டு, ஒத்தக் கையாலயே சண்டை போடுதா. எங்க நாச்சியாரோட மொடமான கையக் கேலி பண்ணுதா பாருங்க, அந்தத் திமிரெடுத்தவ! எத்தன அடி வாங்கினா தெரியுமா அப்படி ஒடுக்கிக்கிட்டு? வாங்கட்டும்னு நெனச்சேன். ஆனா தகடு விழல. அது என் அதிர்ஷ்டம்.

அப்படியே இழுத்துக்கிட்டே போயிக் கோளு நெழலு களத்து மேல விழுந்துட்டு. ஒருத்தியும் சாவல. பனியப் பாதியாப் பிரிச்சாவ. ரெண்டு ஊருக்கும் தண்ணி பத்தல, எல்லாவனும் கரிச்சுக் கொட்டுதான். பொறவு பேச்சுக் கெளம்பிட்டு. ரெண்டு நாச்சியும் பேசி வச்சு நடிச்சுட்டாளுவன்னு. பேசி வைக்கணும்னா யாரு மூலமா பேசிருப்பாளுவ? அங்கயும் இங்கயும் போற வாற ஆளு யாரு? கட்டுக்காரிதான? கட்டுக்காரியப் பிடிச்சு வெசாரிச்சா உண்ம வரும்னு வளையத்துப் பெரிய வீட்டுல பேசிக்கிடுதாவளாம். அன்னைக்குலருந்து கதவு தட்டுத சத்தம் கேட்டா கட்டிலுக்கடியில போயி ஒளிஞ்சுக்கிடுவேன்.

அவ மாடத்தி அந்தச் சண்டைக்குப் பொறவு வெளியவே தல காட்டலயாம். காயம் ஆறலன்னு சொல்லி உள்ளயே கெடக்காளாம். கெடக்கட்டும்னு இருந்தேன். முந்தாநாளு, பாதியாப் பிரிச்ச பனிய அளக்க வந்த வளையத்துக் கூட்டத்தோட பேச்சி வந்து நிக்கா. அவ எப்பவும் ஊமக்கோட்டான்தான். அவ நாச்சியோட வயித்துக் கச்சைய எடுத்து எங்க நாச்சியாரு முன்னால வச்சா. கடைசித் துளை வரைக்கும் தளர்த்தி, அதுக்கும் அங்கிட்டுப் புதுசாத் துளை போட்ட கச்ச. எங்க நாச்சியாரு அதக் கையில எடுத்துச் சிரிச்சாவ. அவுக சிரிச்சு நான் பாத்து எவ்வளவு காலமாச்சு! சிரிச்சவுக கண்ணுல பொலபொலன்னு தண்ணி. நான் பயந்துட்டேன். அந்தக் கச்சையில ஏதோ மெரட்டல் இருக்குன்னு மட்டும் புரிஞ்சுச்சு.

பொறவு அவுகளே ஒக்காந்து இந்த மூட்டையக் கட்டினாவ. "வளையத்துக்குப் போ. பேச்சி துறையில நிப்பா. அவ காட்டுத எடத்துக்குப் போ. எதுவும் கேக்காத"ன்னாவ. நாச்சியாரே, நான் போனா திரும்பி வருவேனான்னு கேட்டேன். "நீ போகலன்னா ரெண்டு உசுரு போவும்"னாவ. ரெண்டு உசுருன்னா எங்க நாச்சியாரு ஒண்ணு, நான் ஒண்ணு. வேற என்ன? கட்டுக்காரிய அனுப்பு, இல்லன்னா தோளு விசயத்த ஊருக்குச் சொல்லிருவேன்னு அவ மெரட்டிருக்கா. வெசாரிச்சுக் கைய வெட்டப் போறாவ. இவுகளுக்கும் தெரிஞ்சிருக்கு. அதான் வெட்டுன பொறவு கட்டுததுக்கு வேண்டியதெல்லாம் மூட்டையில வச்சு அனுப்பிருக்காவ.

நம்பலயா? இந்தா பாருங்க. பழைய வேட்டித்துணி, தொவச்சுத் தொவச்சுப் பஞ்சு மாதிரி ஆனது. எதுக்கு? ரத்தத்தத் தொடைக்க. நல்லெண்ணெ. பூண்டு. சுக்கு, கருப்பட்டி. இந்தா இது புதுக் கத்தி, நூலு. வெட்டுததுக்குக் கத்தியும் நானே கொண்டு போறேன் பாத்தீயளா, இந்தக் கொடுமைய எங்க போயிச் சொல்ல? இது வசம்பு. வசம்பு எதுக்குன்னுதான் எனக்கும் வெளங்கல.

ஏன்க்கா சிரிக்கீய?

நான் சாவப் போறேன்னு சொல்லுதேன், நீங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கீய. என்னது? திருப்பிச் சொல்லுங்க. மெள்ள.

...யம்மா.

யம்மாடி. பச்சப்புள்ள நாக்குல ஒரசி வைக்கத வசம்பு. புளி. வாந்தி. ஏ முப்பிடாதி, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? ஊரு பூரா புள்ள எடுத்தவ, வயித்து மேல கைய வச்சும் தெரியலையேக்கா எனக்கு! பயம் கண்ணக் கட்டிட்டே. கச்சைய இறுக்காதன்னு என் கையப் பிடிச்சாவளே, அது ஒடைக்கப் பிடிச்ச பிடியே இல்ல. பேச்சியும் என்ன மாதிரிதான், தெனமும் தளரக் கட்டுன பழக்கத்துல எங்க நாச்சியாருக்கும் தளரக் கட்டிருக்கா. எங்க நாச்சியாருக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதான் வாளத் திருப்பினாவ. நான் வயசாயிட்டுன்னு நெனச்சேனே.

அந்த மாடத்தி... மாடத்தி நாச்சியாரு. எங்க நாச்சியாரு தோளு தெரிஞ்சும் அங்க ஒரு அடி அடிக்கலையேக்கா. அடிச்சிருந்தா அன்னைக்கே செயிச்சு, பூரா பனியையும் கொண்டு போயிருப்பாவளே. கைய ஏன் ஒடுக்கிக்கிட்டாவ? கேலியா பண்ணினாவ? தகடு கீழ விழாமப் பிடிச்சிருக்காவக்கா. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு, அத்தன அடியும் வாங்கிக்கிட்டு, என் கையக் காப்பாத்திருக்காவ. நான் வாங்கட்டும் வாங்கட்டும்னு நின்னேனே, பாவி.

ரெண்டு உசுருன்னா அந்த ரெண்டு உசுரா! வளையத்துல ஒரு மருத்துவச்சியையும் நம்ப முடியாது, வெளிய தெரிஞ்சா கதவத் தொறந்து தள்ளிருவாவன்னுதான் என்னக் கூப்பிட்டிருக்காவ. கைய வெட்டக் கூப்பிடல. இந்தக் கைய நம்பிக் கூப்பிட்டிருக்காவ. அழுக வருதுக்கா. இருங்க, மூக்கச் சிந்திக்கிடுதேன்.

எக்கா.

கருவாடு யாரு வீட்டுக்குன்னு சொன்னீய? பெரிய வீட்டுக்குன்னீயளே. கட்டுக்காரியப் பிடிக்கணும்னு சொல்லுத அதே பெரிய வீட்டுக்கா? அடுக்கள வரைக்கும் போவீயளா? ஐயோ, நான் என்ன காரியம் செஞ்சுட்டேன். வாயத் தொறக்காதன்னு சொன்னாவளே, படிச்சுப் படிச்சுச் சொன்னாவளே. தோளு விசயத்தச் சொல்லிட்டேன், கச்ச விசயத்தச் சொல்லிட்டேன், எல்லாத்தையும் கொட்டிட்டேன். இத்தன நேரம் என் கைக்குப் பயந்தேன். இப்ப அந்தப் புள்ளைக்குப் பயமா இருக்கு. இன்னும் மண்ணப் பாக்கலையே அது. எங்க நாச்சியாரு கழுத்தும் என் நாக்குலதான் தொங்குது.

எக்கா, ஒங்களுக்குப் புள்ள உண்டா? உண்டுல்லா? ஒங்க புள்ளைய நெனச்சுக்கிடுங்க. நான் வேற என்ன கேக்க? ஒங்க காலப் பிடிக்கேன். வேண்டாமா? சரி. தலைய ஆட்டுதீயளே, அது போதும். நம்புதேன். நம்பித்தான ஆகணும்.

வெளிச்சம் தெரியுது, துறை வந்துட்டு. அங்கன கம்பிக்கிட்ட நிக்கது பேச்சிதான், கூப்பிடாமயே எட்டி எட்டிப் பாக்கா. நேரமாயிட்டு போல, நல்ல வலி கண்டுட்டு போல. எறங்குத எடத்துல காவக்காரன் நிப்பான். எங்க போறன்னு கேப்பான். அவன் ஒண்ணு கேட்டா நான் ஒம்பது சொல்லிருவேன், என் வாயி எனக்குத் தெரியும்.

இந்தாங்க, இந்தத் துணியப் பிடிங்க. இதக் கட்டுதது எனக்குச் சாவுன்னு சொன்னேன்லா, இன்னைக்கு நானே கேக்கேன். வாயில துணியப் பாத்தா, கட்டுக்காரி மாத்துக்கட்டுக்கு அளவு பாக்க வந்திருக்கான்னு நெனச்சு விட்டுருவான். பின்னால வாங்க. முடியோட சேத்துக் கட்டாதீய. வலிக்கும்னு யோசிக்கீயளா எக்கா? பரவாயில்ல. நல்லா இழுங்க. இன்னும். இதையாவது தளர விட்டிராதீ—